லோகுவின் வண்டிக்கு நான் வரைந்த சைலன்சர்

1999 மே மாதம், இரண்டாவது செவ்வாய்க்கிழமை. என் நாட்குறிப்பில் மாலை 6.40 என்று நேரம் போட்டு, அதற்கு அடிக்கோடும் போட்டு இப்படி எழுதியிருக்கிறேன்: "சைலன்சர் வரைபடம் முடிந்தது. இரண்டு முறை சரிபார்த்தேன். பிழை எதுவும் இல்லை."

பள்ளி நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். எங்கள் தெருவில் எப்போது தார் போட்டார்கள், யார் வீட்டுக்கு முதலில் டெலிபோன் வந்தது, எந்தக் கல்யாணத்தில் சாம்பார் தீர்ந்துபோனது என்று எதைக் கேட்டாலும் கிழமையோடு சொல்வேன். இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கிழமை சரியாகத் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாமும் சரியாகத் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். என் நாட்குறிப்புகள் முழுவதையும் புரட்டிப் பார்த்துவிட்டேன். மேலே சொன்ன மூன்று வரிகளைப் போல அத்தனை அழகான கையெழுத்தில், அத்தனை தவறான செய்தி வேறு எந்தப் பக்கத்திலும் இல்லை.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. இயற்பியலில் பட்டம், இரண்டாம் வகுப்பு. (ஒலி அலைகள் பாடத்தில் மட்டும் அறுபத்தெட்டு மதிப்பெண். நடந்த அத்தனைக்கும் அந்த அறுபத்தெட்டுதான் மூலகாரணம்.) ஆரணியில் எங்கள் வீட்டில் ஐந்து பட்டுத்தறிகள். அப்பா சேலை நெய்வித்து விற்பவர். டிசைன் வரைவது என் வேலை. சேலைக் கரையில் வரும் மயிலையும் மாங்காயையும் முதலில் கட்டம் போட்ட தாளில் வரைய வேண்டும். அந்தக் கட்டங்களை எண்ணி எண்ணி அட்டையில் துளை போட்டால், தறிக்கு மேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டி அந்தத் துளைகளைப் படித்து, எந்த இழையைத் தூக்குவது என்று முடிவு செய்யும். நாள் முழுக்கக் கட்டம் எண்ணுவதுதான் பிழைப்பு. தூக்கத்தில்கூட எண்ணிக்கொண்டிருப்பதாக அம்மா சொல்வார்.

லோகு என்கிற லோகநாதன் எங்கள் மூன்றாம் தறியில் நெய்தவன். என்னோடு பத்தாம் வகுப்புவரை படித்தவன். அவன் கைக்கு இரண்டு வேலைகள் தெரியும்: தறியில் ஊடை இழையைக் கொண்டுபோகும் நாடாவை ஓட்டுவது, வண்டியை ஓட்டுவது. முதலாவதில் நல்ல நெசவாளி. இரண்டாவதில் வேறு ஜாதிப் பிறவி. வேலூரில் யாரோ கழித்துக் கட்டிய நூறு சிசி டூ-ஸ்ட்ரோக் வண்டி ஒன்றை வாங்கி, அதை டர்ட் பைக் ஆக்கியிருந்தான். டர்ட் பைக் என்பது எங்கள் ஊரில் கடையில் கிடைக்கும் பொருள் அல்ல. இருக்கிற வண்டியிலிருந்து மட்கார்டு, இண்டிகேட்டர், பின்சக்கரத்தில் சேலை சிக்காமல் தடுக்கும் கம்பி, ஹெட்லைட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, முரட்டு டயர் மாட்டினால் மிஞ்சுவதுதான் டர்ட் பைக்.

அந்த மே மாதக் கடைசி ஞாயிறு, தேசூர்ப் பக்கம் வற்றிப்போன ஏரி ஒன்றில் மெக்கானிக்குகள் சேர்ந்து மண் ரேஸ் நடத்துவதாக இருந்தது. அதற்குச் சென்னையிலிருந்து ஒரு ரேஸ் டீம்காரர் வருகிறார், முதல் மூன்று இடத்தில் வருபவர்களிலிருந்து ஒருவனை வண்டி ஓட்டக் கூட்டிக்கொண்டு போவார் என்று செய்தி வந்தது.

லோகு தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து என் மேஜை அருகில் நின்றான்.

"டேய், எனக்கு இது ஒண்ணுதான்டா. இது போச்சின்னா மூணாம் தறிதான் ஆயுசுக்கும்."

"போவாது. நான் இருக்கறேன்," என்றேன்.

அவன் முகம் மலர்ந்தது. அதை இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு கூசுகிறது.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் காதர் பாயின் மெக்கானிக் கடை. பாய் ஐம்பது வயதுக்காரர். அதே கம்பெனியின் அதே மாடல் வண்டியைத்தான் அவரும் வைத்திருந்தார். லோகு விஷயத்தைச் சொன்னதும் ஸ்பேனரைக் கீழே வைக்காமலே மருந்துச் சீட்டு எழுதினார்.

"புது ரிங்கு போடு. பிளக்கை மாத்து. சைலன்சர்ல கரி அடைச்சிகினு கீது, எரிச்சிக் கழுவு. கார்பரேட்டர்ல ஜெட்டு ஒரு சைஸு ஏத்து. அவ்ளோதான். மிச்சத்த பையன் ஓட்டுவான்."

நான் புன்னகைத்தேன். (எப்படிப்பட்ட புன்னகை என்று தெரிய வேண்டுமானால், அந்த வருடத்து வாக்காளர் அட்டையில் என் போட்டோவைப் பார்க்கலாம். அதே புன்னகைதான்.)

"பாய், நீங்க சொல்றது மெயின்டனன்ஸ். நாங்க பேசிகினு இருக்கறது அப்கிரேடு."

"ரெண்டுத்துக்கும் இன்னா வித்தியாசம்?"

"மெயின்டனன்ஸ் பண்ணா வண்டி பழைய மாதிரியே ஆவும்."

"பழைய மாதிரி ஆனா நல்லதுதானே?"

இவரோடு பேசிப் பயனில்லை என்று முடிவு செய்தேன். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, என்ஜினை மேம்படுத்தும் வழிகளை ஒரு வாரம் ஆராய்ந்தேன். சிலிண்டர் ஹெட்டைச் சீவினால் அழுத்தம் கூடும் என்று படித்தேன். "யார் தலைய சீவணும்?" என்று பாய் கேட்ட விதத்தில் அந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். சிலிண்டரின் வாசல்களை அரத்தால் ராவிப் பெரிதாக்கலாம் என்று படித்தேன். "அரத்த எடுத்துகினு என் கடைக்குள்ள வந்தீன்னா பேஜாராயிடும், சொல்லிட்டேன்," என்றார். பெரிய கார்பரேட்டர் சென்னையில்தான் கிடைக்கும் என்றார்கள். கடைசியில் எக்ஸாஸ்ட் குழாயைத் தேர்ந்தெடுத்தேன். தீர ஆராய்ந்து எடுத்த முடிவு என்று நோட்டில் எழுதியிருக்கிறேன். உண்மையில் பாய் எதையெல்லாம் தொடக்கூடாது என்றாரோ, அதெல்லாம் போக மிஞ்சியது அது ஒன்றுதான்.

ஆனால் அதன் அறிவியல் அழகானது. டூ-ஸ்ட்ரோக் என்ஜினில் புகை வெளியே போகும் வழியாகவே புதிதாக வந்த பெட்ரோல் கலவையும் கொஞ்சம் ஓடிவிடும். நடுவில் வயிறு பெருத்துப் பின்னால் ஒடுங்கும் ஒரு குழாயை மாட்டினால், ஒலி அலை அந்த ஒடுக்கத்தில் மோதித் திரும்பி வந்து, ஓடிய கலவையைத் திரும்ப உள்ளே தள்ளும். அலை திரும்பி வரும் நேரம் என்ஜினின் வேகத்தோடு பொருந்தினால் வண்டி பறக்கும். எல்லாம் குழாயின் அளவில் இருக்கிறது.

லோகுவுக்கு இதை விளக்கினேன். "ஓடிப்போற பெட்ரோல கழுத்தப் புடிச்சி உள்ள தள்ளிடும்டா."

"யாரு, போலீஸா?"

"அலை."

"ஏரிதான் வத்திப்போச்சேடா," என்றான். பிறகு, "நீ படிச்சவன். நீ சொன்னா சரி," என்றான்.

பழைய பேப்பர் கடையில் வெளிநாட்டு மோட்டார் சைக்கிள் பத்திரிகை ஒன்று கிடைத்தது. அதில் அந்தக் குழாயின் பக்கவாட்டுப் படம். அடியில் மொத்த நீளம் மட்டும் போட்டிருந்தது: எண்ணூறு மில்லிமீட்டர். மற்ற அளவுகளை நானே கண்டுபிடிக்க வேண்டும். கட்டம் எண்ணத் தெரிந்தவனுக்கு இது ஒரு வேலையா? படத்தை ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கினேன். அப்பாவின் அலமாரியிலிருந்து டிசைன் தாள் எடுத்து, நாலைந்தை ஒட்டி, அதன்மேல் படத்தைப் பிசகாமல் நகலெடுத்தேன். நீளவாக்கில் எண்ணினால் நூற்றறுபது கட்டம். எண்ணூறை நூற்றறுபதால் வகுத்தால் ஐந்து. ஆக ஒரு கட்டம் ஐந்து மில்லிமீட்டர். குழாயின் வயிறு குறுக்குவாக்கில் இருபத்துநான்கு கட்டம். ஆக நூற்றிருபது மில்லிமீட்டர். இரண்டு முறை எண்ணினேன். இரண்டு முறையும் இருபத்துநான்கு. மாலை 6.40.

அப்பா வந்து பார்த்தார். "இன்னாடா இது, கத்திரிக்காயா?"

"சைலன்சர்ப்பா."

தலையைச் சாய்த்து யோசித்தார். "நல்லாத்தான் இருக்குது. கரையில வரிசையா வெச்சா எடுக்கும்."

லோகுவும் பார்த்தான். ஏழு வருடமாக அதே தாளில் வரைந்த டிசைன்களை நெய்தவன். "கரெக்டா இருக்குதுடா," என்றான். பட்டுத்தொழிலில் ஊறிய மூன்று ஜோடிக் கண்கள் அந்தத் தாளைப் பார்த்துச் சரி என்றன. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் ஒருவன் மட்டும் முட்டாள் அல்ல என்பதற்கு என்னிடம் இருக்கும் ஒரே சான்று இதுதான்.

செய்யார் ரோட்டில் ஏழுமலையின் வெல்டிங் கடை. கேட்டு, ஜன்னல் கிரில், கோயில் உண்டியல் செய்பவர். என் வரைபடத்தை விரித்து, ஒரு கட்டம் ஐந்து மில்லி என்று சொல்லிக்கொடுத்தேன். தகடு வாங்கி, சுருட்டி, இரண்டு நாளில் வெல்டு செய்து வைத்திருந்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஏழுமலை என்னைப் பணிவோடு கேட்டார்:

"நான் எப்பவும் செய்யறதுதாங்க இது. பூட்டு எந்தப் பக்கம் வைக்கணும்?"

பத்திரிகையில் பார்த்த குழாய் ஓடுகிற பாம்பு போல இருந்தது. இது ஆட்டை விழுங்கிவிட்டுப் படுத்திருக்கிற பாம்பு. எனக்கும் ஒரு நொடி உறுத்தியது. படம் தட்டையானது, பொருள் உருண்டையானது, அதனால்தான் பெரிதாகத் தெரிகிறது என்று எனக்கு நானே விளக்கினேன். (அறுபத்தெட்டு மதிப்பெண்.)

அடுத்து ஒரு பிரச்சினை. புதுக் குழாயின் வாயை என்ஜினோடு இணைக்கும் வளையமும் கழுத்தும் கடையில் தனியாகக் கிடைக்கவில்லை. பழைய சைலன்சரிலிருந்து வெட்டி எடுத்துத்தான் ஒட்ட வேண்டும். வெட்டினால் பழையது செத்தது.

லோகு பழைய சைலன்சரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். "இது இருக்கட்டுமேடா. ஒருவேளை..."

"ஒருவேளைன்னா?"

"ஒருவேளை புதுசு சரியா வரலைன்னா?"

"சயின்ஸ்ல ஒருவேளைன்னு ஒண்ணு கிடையாதுடா," என்றேன். ஏழுமலையைப் பார்த்துத் தலையசைத்தேன். அவர் வெட்டினார்.

டர்ட் பைக்கில் குழாய் கல்லில் அடிபடாமல் இருக்க மேலே ஏறி, ஓட்டுபவனின் வலது தொடையை ஒட்டிப் போக வேண்டும் என்று பத்திரிகையில் பார்த்திருந்தேன். அப்படியே மாட்டினோம். லோகு உட்கார்ந்ததும் குழாயின் வயிறு அவன் வலது முழங்காலை வெளியே தள்ளியது. பக்கவாட்டில் பார்த்தால், தவளை ஒன்று அரைமனதோடு வண்டி ஏறியிருப்பது போல இருந்தது. சூடு வேறு. அதற்கும் நான் வழி கண்டேன். பரண்மேல் வழக்கொழிந்த டிசைன்களின் ஜக்கார்டு அட்டைகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. கெட்டியான அட்டை, உடம்பெல்லாம் துளை. சூட்டையும் தடுக்கும், காற்றும் போகும். இதைவிடப் பொருத்தமான பொருள் உலகத்தில் உண்டா? குழாயைச் சுற்றி அட்டைகளை அடுக்கிக் கம்பியால் கட்டினேன். காகிதத்தை நெருப்பின்மேல் கட்டுகிறோம் என்ற எண்ணம் எனக்கு ஏன் வரவில்லை என்பது பற்றி நாட்குறிப்பில் எதுவும் இல்லை.

சனிக்கிழமை மாலை ஓட்டிப் பார்த்தோம். கிளம்பியது. ஆனால் லோகு எவ்வளவு முறுக்கினாலும் பாதி வேகத்துக்கு மேல் ஏறாமல், உள்ளுக்குள்ளேயே முனகியது. காதர் பாய் காதைச் சாய்த்துக் கேட்டார்.

"வண்டி ஓடல தம்பி. ஏப்பம் வுடுது."

"புதுசு பாய். செட்டாக நேரம் எடுக்கும்."

"நாளைக்கி ரேஸு."

"நாளைக்கிச் செட்டாயிடும்."

லோகு என்னைப் பார்த்தான். நான் நாட்குறிப்பைப் பார்த்தேன்.

ஞாயிறு விடியற்காலை லோகுவின் வண்டியை வெங்காய டெம்போ ஒன்றில் ஏற்றிக்கொண்டு அவன் போனான். நான் காதர் பாயின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். (பாய் எதற்கு வந்தார் என்று கேட்டதற்கு, "வேடிக்கை பாக்க," என்றார். ஒளிவுமறைவு இல்லாத மனிதர்.) ஏரிக்குள் சுண்ணாம்புக்கோடு போட்டு, கரைமேல் மைக் கட்டி, நல்ல கூட்டம். இரண்டு ஓட்டங்கள்: காலை பதினொன்றரைக்கு ஒன்று, மதியம் பன்னிரண்டே காலுக்கு ஒன்று. இரண்டிலும் வந்த இடத்தைச் சேர்த்து மொத்தத்தில் முதல் மூன்று பேர்.

லோகு பதினொன்றாம் நம்பர். வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போதே கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்டார்: "எந்தக் கோயில் உண்டியல்பா இது?" இன்னொருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் நிமிர்ந்து நடந்தேன். புதுமையைக் கண்டால் பாமரர் சிரிப்பார்கள் என்று படித்திருந்தேன்.

கொடி விழுந்தது. பதினாறு வண்டிகள் சீறிப் பாய்ந்தன. பதினேழாவது, அதாவது லோகுவுடையது, யோசித்துவிட்டுக் கிளம்பியது. வளைவுகளில் லோகு மூன்று பேரை உள்பக்கமாக வெட்டித் தாண்டினான். அடுத்து வந்த நேர்பாதையில் அந்த மூன்று பேரும் சாவகாசமாக அவனைத் தாண்டினார்கள். மறுபடி வளைவில் அவன் தாண்டினான், மறுபடி நேரில் அவர்கள். அவன் கைவேலையை என் குழாய் அழித்துக்கொண்டே வந்தது. இரண்டாம் சுற்றில் மைக் சொன்னது:

"பதினொண்ணாம் நம்பர் தம்பி, உன் வண்டி பொகையுது."

நான் கரையிலிருந்து கத்தினேன்: "டூ-ஸ்ட்ரோக்னா பொகையத்தான் செய்யும்!"

மைக் என்னைத் திருத்தியது: "பொகை வண்டியிலேர்ந்து வரல. கால்லேர்ந்து வருது."

அட்டைகள் பற்றிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு சின்னத் தீ நாக்கு, வரிசை தவறாமல். பார்க்க நேர்த்தியாகத்தான் இருந்தது. லோகு வண்டியைக் கரையோரம் விட்டுக் குதித்தான். கோடைக்காக யாரோ நீர்மோர்ப் பந்தல் போட்டிருந்தார்கள். பந்தலில் இருந்த பெண்மணி ஒருவர், "ஐயையோ, புள்ள எரியுது!" என்று அண்டாவைத் தூக்கிவந்து முழுவதையும் வண்டிமேல் கவிழ்த்தார். தீ அணைந்தது. குழாயின் வயிற்றின்மேல் மோர் கொதித்து, கறிவேப்பிலையும் கடுகும் ஒட்டிக்கொண்டு தாளிப்பு வாசனை கிளம்பியது. லோகுவுக்குக் காயம் இல்லை, பேன்ட் மட்டும் கருகியிருந்தது. காலை ஓட்டம் அவனுக்கு முடிந்துபோனது. கடைசி இடம்கூட இல்லை.

அப்போதுதான் டீம்காரர் எங்களை நோக்கி வந்தார். மெலிந்த மனிதர், கழுத்தில் துண்டு, சட்டைப்பையில் ஸ்கேல். குழாயைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"யார் டிசைன் இது?"

நான் முன்னால் வந்தேன். (ஓடியிருக்கலாம். கரை பக்கத்தில்தான் இருந்தது.) பையிலிருந்து வரைபடத்தை எடுத்து அவர் முன் விரித்தேன். அவர் பொறுமையாகப் பார்த்தார். குழாய் பத்திரிகையில் இருந்தது போலவே ஒல்லியாக, லட்சணமாக, தாளில் படுத்திருந்தது.

"படம் சரியாத்தானே இருக்கு," என்றார் ஆச்சரியத்தோடு. ஸ்கேலை எடுத்து நீளவாக்கில் வைத்து எண்ணினார். "ஒரு இஞ்சுக்கு எட்டுக் கட்டம்." ஸ்கேலைத் திருப்பிக் குறுக்குவாக்கில் வைத்தார். எண்ணினார். மறுபடி எண்ணினார். "இந்தப் பக்கம் ஒரு இஞ்சுக்குப் பன்னெண்டு. தம்பி, இந்தக் கட்டம் சதுரமே இல்லையே. இது என்ன பேப்பர்?"

"டிசைன் பேப்பர்ங்க," என்றேன். "பட்டுச்சேலைக்கு."

சேலையில் ஒரு அங்குலத்துக்கு நீளவாக்கில் ஓடும் பாவு இழை எத்தனை, குறுக்கே ஓடும் ஊடை இழை எத்தனை என்பது சமமாக இருக்காது. அதனால் எங்கள் தாளில் கட்டங்கள் நீளத்துக்கு ஒரு அளவு, அகலத்துக்கு ஒரு அளவு. எந்தத் துணிக்கு எந்த விகிதத் தாள் என்பது எங்கள் வீட்டில் பூனைக்குட்டிக்கும் தெரியும். ஆனால் நாங்கள் யாரும் கட்டத்தை அளப்பதில்லை, எண்ணுவதோடு சரி. எண்ணிக்கையைக் கொடுத்துவிட்டால் இழைகள் தங்கள் நெருக்கத்தில் உட்கார்ந்து, மாங்காயை மாங்காயாகவே கொண்டுவந்துவிடும். திருத்துவது தறியின் வேலை. ஏழுமலையின் கடையில் தறி இல்லை. அவர் எல்லாப் பக்கமும் ஒரு கட்டம் ஐந்து மில்லி என்று நான் சொன்னதை அப்படியே செய்தார். எண்பது மில்லி இருக்க வேண்டிய வயிறு நூற்றிருபது ஆனது.

எனக்குப் பின்னால் நின்று லோகு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குத் தாளைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை. அவன் ஒரு நொடியில் புரிந்துகொண்டதை முகத்தில் பார்த்தேன். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "மதியம் ஓட்டத்துக்கு எவ்ளோ நேரம் கீது?" என்று மட்டும் கேட்டான்.

"இருபத்தஞ்சு நிமிஷம்," என்றேன். கிழமை, நேரம் எதுவானாலும் என்னைக் கேட்கலாம்.

பழைய சைலன்சர் இல்லை. அறிவியலின் பெயரால் நான் வெட்டிப் போட்டிருந்தேன். லோகுவின் கண் மெல்லத் திரும்பி, வேப்பமர நிழலில் நின்ற காதர் பாயின் வண்டிமேல் விழுந்தது. அதே மாடல். அதே சைலன்சர்.

"பாய்..."

"கூடாது."

"பாய், ஒரே ஒரு ஓட்டம்."

"என் வண்டி எப்பிடி வூட்டுக்குப் போவும்?"

லோகு என் குழாயைச் சுட்டிக்காட்டினான். பாய் அதையும், அதில் ஒட்டியிருந்த கறிவேப்பிலையையும், பிறகு லோகுவின் கருகிய பேன்டையும் பார்த்தார். ஸ்பேனரை எடுத்து லோகுவிடம் வீசினார். "ஜல்தி!"

அடுத்த பதினெட்டு நிமிடத்தில் நான் பார்த்ததுதான் வேலை என்பது. கொதிக்கிற குழாயை ஈரச் சாக்கால் பிடித்து லோகு கழற்ற, பாய் தன் வண்டியிலிருந்து சைலன்சரை எடுத்துக் கொடுத்தார். நான் உதவ ஒரு போல்ட்டை எடுத்தேன். "நீ டைம் பாத்துகினு இரு," என்றான் லோகு. பார்த்தேன்.

மதிய ஓட்டத்தில் அவன் இரண்டாவதாக வந்தான். ஒரு மெயின்டனன்ஸும் செய்யாத, கரி அடைத்த, காதர் பாயின் சைலன்சரோடு. முதலாவதாக வந்த வேலூர்ப் பையனுக்கும் அவனுக்கும் இடையில் ஒரு வண்டி நீளம். ஆனால் காலை ஓட்டத்தில் ஒன்றுமில்லை என்பதால் மொத்தத்தில் முதல் மூன்றுக்குள் அவன் பெயர் வரவில்லை. டீம்காரர் வேலூர்ப் பையனை எடுத்துக்கொண்டார். போகும் முன் லோகுவிடம் வந்தார்.

"நல்லா ஓட்டுற. அடுத்த வருஷம் இதே ரேஸுக்கு வா, பார்க்கறேன். வண்டிய இருக்கிறபடியே கொண்டுவா. ஒரே கண்டிஷன்." என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "இன்ஜினியர் வேண்டாம்."

தேசூரிலிருந்து வந்தவாசி வழியாக ஆரணிக்கு, காதர் பாயின் வண்டியில், என் குழாய்க்கு மேலே உட்கார்ந்து திரும்பினேன். லோகு சைலன்சரைத் திருப்பித் தர முன்வந்தும் பாய் கேட்கவில்லை. "செஞ்சவரு அனுபவிக்கணும்," என்றார். வலது காலைக் காற்றில் நீட்டிப் பிடித்தபடியே வர வேண்டியிருந்தது. வந்தவாசி பஸ் நிலையத்தைத் தாண்டும்போது, நாங்கள் வலப்பக்கம் திரும்பக் கைகாட்டுவதாக நினைத்து ஒரு லாரி ஒதுங்கி வழிவிட்டது. ஆரணி வருவதற்குள் கெண்டைக்காலில் ஒரு ரூபாய் அளவுக்குச் சுட்டுக்கொண்டேன். தழும்பு இருக்கிறது.

லோகு இன்னும் ஒரு வருடம் மூன்றாம் தறியில் உட்கார்ந்தான். இதைச் சிரித்துக்கொண்டு எழுத எனக்கு இன்றும் வரவில்லை. தினமும் அவன் தறியின் சத்தம் என் மேஜைக்குக் கேட்டது. பன்னிரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பதின்மூன்றாம் நாள் என் புது டிசைனை நெய்துகொண்டிருந்தவன் தலையைத் தூக்காமல் சொன்னான்: "மயிலு குண்டா கீதுடா. எந்தப் பேப்பர்?" தறிகள் ஐந்தும் நின்று சிரித்தன. நானும் சிரித்தேன். கண் கலங்கியது தூசியால் என்று நாட்குறிப்பில் இருக்கிறது.

அடுத்த மே மாதம் அவன் தேசூர் போனதே எனக்குத் தெரியாது. புது ரிங்கு, புது பிளக்கு, கரி எடுத்த சைலன்சர், ஜெட் ஒரு சைஸ் கூட. காதர் பாய் மறுநாள் வந்து சொன்னார்: முதல் இடம். அந்த வாரமே சென்னைக்குப் போனான். இப்போது அங்கே சொந்த ஒர்க்ஷாப் வைத்திருக்கிறான். ஆரணி வந்தால் என் வீட்டில்தான் சாப்பாடு. வண்டியை மட்டும் நாலு வீடு தள்ளி நிறுத்துகிறான்.

என் மனைவி இந்தக் கதைக்குப் பிறகு இந்த வீட்டுக்கு வந்தவள். ஆனால் நேரில் பார்த்தவளைப் போலச் சொல்வாள். ஜன்னலுக்குத் திரைச்சீலை அளந்தால், அலமாரிக்கு இடம் அளந்தால், ஏன், தோசைக் கல்லுக்கு மூடி வாங்கி வந்தால்கூட, "எந்தப் பேப்பர்லங்க அளந்தீங்க?" என்பாள். என் மகளைப் பத்தாம் வகுப்பில் கணக்குக்குக் கிராப் தாள் வாங்கிவரச் சொன்னபோது, அவள் அம்மாவைத்தான் கடைக்கு அனுப்பினாள்.

எழுத வேண்டியது இன்னும் ஒன்று பாக்கி. பாய் லோகுவிடமிருந்து தன் சைலன்சரைத் திரும்ப வாங்கவே இல்லை. நான் வரைந்த குழாயோடு, கால்பக்கம் ஒரு தகடு மட்டும் அடித்துக்கொண்டு, ஆரணிக்குள் நிதானமாக ஓட்டினார், ஆறு வருடம். முன்பைவிட லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் கூடுதலாகக் கொடுக்கிறது என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார். அப்படி நடக்க வாய்ப்பே இல்லை என்கிறான் லோகு. மெல்ல ஓட்டினால் நடக்கலாம் என்கிறது என் அறுபத்தெட்டு மதிப்பெண். பாய் எந்த நாளும் டேங்க்கை நிரப்பி, கிலோமீட்டர் குறித்து, அளந்து பார்த்தவர் அல்ல. 2005இல் வண்டியைக் குழாயோடு யாருக்கோ கொடுத்துவிட்டார். யாருக்கு என்று கேட்டேன், அவருக்கு நினைவில்லை. எனவே அந்த ஐந்து கிலோமீட்டர் இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை.